ஈனும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: டெல்டாவில் சினைச் செம்மறிக்கு ஊசியும் புழு மருந்தும்

சினை ஆட்டுக்கு ஊசி என்றதும் "வேண்டாம், கலைந்துவிடும்" என்று பட்டிக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. மருந்தகத்திலிருந்து ஆள் வருகிற நாளில், நிற்கிற ஆடு எத்தனை மாதச் சினை என்று பார்க்காமல் வரிசையாகப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. முதல் வகையில் குட்டிக்கு ஒன்றும் போய்ச் சேராது. இரண்டாவது வகையில் சில குட்டிகளுக்குப் போகும், சிலவற்றுக்குப் போகாது. எதற்குப் போனது என்பது தை, மாசியில் கொழுத்த குட்டிகள் திடீரென்று சாகும்போதுதான் தெரியவரும்.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலிருக்கும்போதே தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. செம்மறியின் நஞ்சுக்கொடி அமைப்பு அதற்கு வழிவிடாது. குட்டி வெறுங்கையோடுதான் தரையில் விழுகிறது. அதற்குக் கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் பொருள் மடியில் போய்ச் சேர ஆரம்பிப்பது ஈனுவதற்கு ஏறத்தாழ 4, 5 வாரம் இருக்கும்போது. ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் அந்தப் பொருள் ஏறுவதற்கு 2 வாரமாவது பிடிக்கும். ஆகவே ஈனுவதற்கு 6 வாரம் முன்பிருந்து 4 வாரம் முன்பு வரை உள்ள அந்த 15 நாள் சன்னல்தான் கணக்கு. மூன்று மாதச் சினையில் போட்டால் தாய்க்குப் பாதுகாப்பு இருக்கும், சீம்பாலில் சேருவது குறைந்திருக்கும். ஈனுவதற்கு 10 நாள் இருக்கும்போது போட்டால் எதிர்ப்புப் பொருள் மடிக்கு வருவதற்குள் குட்டி பால் குடித்து முடித்திருக்கும். அத்துடன் நிறைமாத ஆட்டைத் துரத்திப் பிடித்த பாவமும் சேரும். சினையில் ஊசி போட்டுக் கலைந்தது என்று சொல்லப்படுகிறவற்றில் பலவும் மருந்தால் கலைந்தவை இல்லை. துரத்தியதாலும், இடுக்கான வாசலில் நெருக்கியதாலும், மல்லாத்திப் போட்டதாலும் கலைந்தவை.

எல்லா ஊசியும் இந்தச் சன்னலுக்கு உரியதில்லை. துள்ளுமாரிக்கான (குட்டியைத் திடீரென்று கொல்லும் குடல் நஞ்சு நோய்) ஊசியும், ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் மட்டும்தான் ஈனுவதற்கு முன் வைத்துக்கொள்ள வேண்டியவை. ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.), நீலநாக்கு, ஆட்டம்மை எல்லாம் கிடா சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி ஊசியும் ஆட்டம்மை ஊசியும் உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். சினையின் பிற்பாதியில் அதைக் கையிலெடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு முறை ஒழுங்காகப் போட்டால் மூன்று ஆண்டு தாங்குகிற ஆட்டுக்கொல்லி ஊசியைச் சினை முற்றிய பிறகு போடுகிறோம் என்றால் திட்டமில்லை என்றுதான் பொருள். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1987இல் நமக்கு வடக்கே விழுப்புரம் பகுதி அரசூரில்தான். அங்கே எடுத்த வைரஸிலிருந்து உருவாக்கிய தடுப்பூசிக்கும் அரசூர் 87 என்றே பெயர்.

டெல்டா நாட்காட்டியில் இது எங்கே விழுகிறது

மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவதுதான் வழக்கமான முறை. தண்ணீர் வயலில் நிற்கும் மாதங்களில் ஆட்டுக்கு வரப்பு, வாய்க்கால் கரை, திடல், கொள்ளிடப் படுகை அவ்வளவுதான். சம்பா அறுத்த பிறகுதான் வயல் திறக்கும். ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்துக் கீதாரிகள் (மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்கள்) வயலில் கிடை போட வருவதும் அதற்குப் பிறகுதான். ஆடி, ஆவணியில் சேர்ந்த ஆடு மார்கழி, தையில் ஈனும். அதாவது சினையின் கடைசி இரண்டு மாதம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். நீலநாக்கைப் பரப்புகிற குருணிக் கொசு பெருகுவதும் அதே மழைக்காலத்தில்தான். அந்த நோய் வந்த பிறகு ஊசியைத் தேடி ஓடுவதில் பயனில்லை. நம் நாட்டில் கிடைக்கும் நீலநாக்கு ஊசி ஐந்து வகை வைரஸைக் கொன்று சேர்த்தது. முதல் முறை போடுகிற ஆட்டுக்கு நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் வேண்டும். ஆகவே வைகாசிக் கடைசியில் ஒன்று, ஆனிக் கடைசியில் ஒன்று. இரண்டும் முடிந்த கையோடு ஆடி முதல் தேதி கிடாவை விடலாம். ஆட்டுக்கொல்லி ஊசி இதற்கும் முன்னால், சித்திரையில். ஒரு வகை ஊசிக்கும் அடுத்த வகைக்கும் இடையில் குறைந்தது 2, 3 வாரம் விடுங்கள்.

இப்போது ஈனும் தேதிக்கு வருவோம். செம்மறியின் சினைக்காலம் 147 நாள், இரண்டு மூன்று நாள் முன்பின்னாக. சேர்ந்த தேதி தெரியாமல் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்ய முடியாது. கிடா வருஷம் முழுக்கப் பட்டியிலேயே திரிகிற வீட்டில் தேதி என்று ஒன்று இருக்காது. கிடாவைத் தனியே கட்டி வைத்து, 45 நாளுக்கு மட்டும் மந்தையில் விடுங்கள். காவிக்கல் பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில், முன்னங்கால்களுக்கு இடையில் தடவிவிட்டால் அது ஏறிய ஆட்டின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மறுபடி தடவ வேண்டும். ஆடு சினைப்பருவத்துக்கு வருவது 17 நாளுக்கு ஒரு முறை. 17ஆம் நாள் நிறத்தை மாற்றுங்கள்: முதலில் காவி, அடுத்து நீலம். காவி மேல் நீலம் ஒட்டினால் முதல் முறை பிடிக்கவில்லை.

கணக்கைத் தேதியாகப் போட்டுப் பார்க்கலாம். கிடா விட்டது ஜூலை 17, எடுத்தது ஆகஸ்ட் 30. முதல் ஆடு ஈனுவது டிசம்பர் 11 வாக்கில், கடைசி ஆடு ஜனவரி 24 வாக்கில். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டால் ஏதாவது ஒரு முனை சன்னலுக்கு வெளியே போய்விடும். இரண்டாகப் பிரியுங்கள். ஆகஸ்ட் 8 வரை நிறம் ஒட்டியவை ஒரு கூட்டம். அவை டிசம்பர் 11 முதல் ஜனவரி 2 வரை ஈனும். அவற்றுக்கு நவம்பர் 16இல் ஊசி. அதற்குப் பிறகு ஒட்டியவை இரண்டாவது கூட்டம். ஜனவரி 3 முதல் 24 வரை ஈனும். அவற்றுக்கு டிசம்பர் 9. இப்படிப் போட்டால் கூட்டத்தில் முதலில் ஈனும் ஆட்டுக்கு 25 நாள் இருக்கும், கடைசி ஆட்டுக்கு 47 நாள் இருக்கும். சன்னலுக்குள் அச்சாக உட்காரவில்லைதான், ஆனால் இதைவிட நுணுக்கமாகப் பிரிக்கப் போனால் மழையில் நான்கு முறை ஆடு பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு போதும்.

இதுவரை துள்ளுமாரி ஊசியே போடாத கிடேரிக்கு இந்த ஒரு ஊசி போதாது. முதல் ஊசி உடம்புக்கு அறிமுகம் மட்டுமே. 3, 4 வாரம் கழித்துப் போடும் இரண்டாவதில்தான் எதிர்ப்பு ஏறும். எனவே முதல் கூட்டத்தில் உள்ள கிடேரிக்கு அக்டோபர் 20 வாக்கில் ஒன்று, நவம்பர் 16இல் அடுத்தது. சந்தையில் வாங்கிய, கணக்குத் தெரியாத ஆட்டையும் போடாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துள்ளுமாரிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், மார்கழிக் குட்டி வளர்ந்து மேய ஆரம்பிக்கிற நேரமும் சம்பா அறுவடையும் ஒன்றாக வருகின்றன. களத்தில் சிந்திய நெல், தாளுக்கிடையே உதிர்ந்த மணி, நிறையப் பால். வயிற்றில் மாவுச்சத்து மிஞ்சினால் குடலில் ஏற்கெனவே இருக்கிற கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். நோஞ்சான் குட்டிக்கு இது வருவதில்லை. மந்தையிலேயே நன்றாக இருக்கிற குட்டிதான் காலையில் கால் விறைத்துக் கிடக்கும். வைத்தியம் பார்க்க நேரம் கிடைக்காத நோய்க்குத் தாயின் சீம்பால்தான் முதல் அரண்.

ஊசி போடுவதில் கெடுவது

துள்ளுமாரி ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் கெட்டது, உருக்கிப் போட்டாலும் வேலை செய்யாது. வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் அறைக்குள் "நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்" என்று வைத்துக் கெடுப்பது நிறைய நடக்கிறது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டியையும் குப்பியையும் ஒட்டி வைக்காமல் நடுவே காகிதமோ துணியோ வையுங்கள். மின்சாரம் போவது டெல்டாவில் நவம்பர் மாதத்தோடு பிறந்த சங்கதி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரமில்லை. புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் மருந்தை வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். போடும் நாளன்று காலையில் வாங்குங்கள், சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மிச்சத்தை அடுத்த கூட்டத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் 2 மில்லி, சிலவற்றில் 2.5 மில்லி. குப்பியில் எழுதியிருப்பதுதான் அளவு. குப்பியைக் குலுக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் மருந்துப் பொருள் அடியில் படியும். கழுத்தின் பக்கவாட்டில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, தோலுக்கும் சதைக்கும் நடுவில். ஈரத் தோலில், சேறு ஒட்டிய இடத்தில் குத்தினால் சீழ்க்கட்டி வரும். மழை நாளில் ஆட்டை முந்தின இரவே கூரைக்குக் கீழே அடைத்து உடம்பு உலர விடுங்கள். ஊசி முனையைப் பத்து ஆட்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். குப்பியில் ஒரு தனி ஊசியைக் குத்தி வைத்து அதன் வழியாக மட்டும் மருந்தை உறிஞ்சுங்கள். ஆட்டில் குத்திய ஊசி குப்பிக்குள் போகக் கூடாது. போட்ட இடத்தில் கடலை அளவு வீக்கம் சில வாரம் இருக்கலாம். அது பயப்பட வேண்டியதில்லை.

நிறைசினை ஆட்டைக் காலையிலிருந்து மதியம் வரை ஊசிக்காகப் பட்டினி போடுவது ஊசியைவிடப் பெரிய ஆபத்து. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு அரை நாள் தீனி இல்லாமல் நின்றாலே சினை நஞ்சேற்றத்துக்கு (தீனி போதாமல் ரத்தச் சர்க்கரை குறைந்து ஆடு படுத்துவிடும் நோய்) இழுத்துக்கொண்டு போகும். வைக்கோலோ, அகத்திக் கொத்தோ முன்னால் தொங்கட்டும்.

புழு: இங்கேதான் டெல்டா வேறு ஊர்

ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து, ஈன்ற பிறகு 6, 8 வாரம் வரை தாயாட்டின் புழு எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது. உடம்பில் அடங்கிக் கிடந்த புழுக்கள் முட்டையிடத் தொடங்கும். இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவின் பெண் ஒன்று நாளொன்றுக்கு 5,000க்கு மேல் முட்டையிடும். நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் அவை புல்லில் ஏறி நிற்கும் இளம்புழுவாகிவிடும். அந்தப் புல்லை முதலில் கடிப்பது குட்டி. புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி ரத்தம் எடுக்கிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. பால் கொடுக்கும் 28 கிலோ ஆட்டுக்கு அது தாங்காது.

அதற்காக மந்தை முழுவதற்கும் மாதாமாதம் மருந்து ஊற்றுவது தவறு. தமிழ்நாட்டு மந்தைகளில் அல்பெண்டசோல் வகை மருந்துக்குச் சாகாத ஹீமாங்கஸ் பெருகிக்கிடப்பது இப்படி ஊற்றி ஊற்றித்தான். ஊசிக்காக ஆட்டைப் பிடிக்கும் அதே நாளில் கீழ் இமையை விலக்கி உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு, இளஞ்சிவப்பு என்றால் விடுங்கள். வெளிறியது, தாடைக்குக் கீழே நீர் கோத்தது, மெலிந்தது, முதல் ஈற்றுக் கிடேரி, இரட்டைச் சினை இவற்றுக்கு மட்டும் அன்றே மருந்து. மற்றவற்றுக்கு ஈன்ற ஒன்றிரண்டு நாளில், குட்டியோடு தனியே அடைத்திருக்கும்போது கொடுக்கலாம். அப்போது ஆடு எப்படியும் கையில் இருக்கிறது. முட்டை எழுச்சியும் அந்த நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. கொழுகொழுவென்றிருக்கும் ஒற்றைக் குட்டித் தாய்கள் பத்தில் ஒன்றிரண்டுக்கு மருந்தே கொடுக்காமல் விடுங்கள். மருந்துக்குப் பழகாத புழு கொஞ்சம் மந்தையில் மிஞ்சியிருந்தால்தான் மருந்து அடுத்த ஆண்டும் வேலை செய்யும்.

சினையில் உருண்டைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 30 கிலோ ஆட்டுக்கு 150 மில்லிகிராம், 2.5 சதவீதக் கரைசலில் 6 மில்லி. அல்பெண்டசோலை கிடா சேர்ந்த முதல் ஒன்றரை மாதத்தில் தொடவே கூடாது, கரு ஊனமாகும். ஆனியில், கிடா விடுவதற்கு இரண்டு வாரம் முன்பு கொடுத்து முடித்துவிட்டால் அந்தப் பிரச்சினையே வராது. லெவாமிசோல் சினையின் கடைசி வாரங்களுக்கு ஏற்றதில்லை. சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஈரல்புழு மருந்தோடு அதைக் கலந்து விற்கிற பாட்டில்கள் நிறைய. லேபிளில் இரண்டாவது பெயரையும் படியுங்கள். ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி 30 கிலோவுக்கு 0.6 மில்லி, தோலுக்கடியில்; சினைக்குக் கெடுதல் இல்லை. சொறிப்பூச்சியையும் சேர்த்துப் பிடிக்கும். ஈரல்புழுவையும் நாடாப்புழுவையும் ஒன்றும் செய்யாது.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் வரும், குறைவான அளவுதான் புழுவுக்கு மருந்தைப் பழக்குகிறது. தராசு இல்லையென்றால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,800ஆல் வகுங்கள். சுற்றளவு 70, நீளம் 62 என்றால் 28 கிலோ. மருந்தைப் புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். தாடை தரைக்கு இணையாக இருக்கட்டும். கன்னத்தின் ஓரமாக நாக்கின் பின்பகுதியில் விட்டு, விழுங்கிய பிறகுதான் அடுத்த மடக்கு. தலையைத் தூக்கி மூங்கில் குழாயால் கவிழ்த்தால் நுரையீரலுக்குள் போகும். இரண்டாம் நாள் மூச்சிரைத்துச் சாகும்போது பழி மருந்தின் மேல் விழும்.

இனி ஈரல்புழு. ராமநாதபுரத்துக் கரிசலில் வளரும் ஆட்டுக்கும் டெல்டா ஆட்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நத்தை பெருகும். நத்தையிலிருந்து வெளியேறும் இளம்புழு, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய புல்லிலும் நெல் தாளிலும் கூடுகட்டி உட்கார்ந்திருக்கும். ஆடு அதைத் தின்னும் காலம் இரண்டு. ஆவணியிலிருந்து கார்த்திகை வரை வாய்க்கால் கரையில். தை முதல் பங்குனி வரை, தண்ணீர் வடிந்த ஈரத் தாளில். தின்ற புழு ஈரலைக் குடைந்துகொண்டு பித்தக் குழாய்க்குப் போய் முதிர்வதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். ஆக்சிக்ளோசனைடு முதிர்ந்த புழுவைத்தான் கொல்லும். மாசியில் ஈரத் தாளில் மேய்ந்துகொண்டிருக்கும்போதே அதை ஊற்றிவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்பது மருந்தின் குற்றமில்லை. வைகாசி, ஆனியில் கொடுத்தால் தையில் தின்றவை எல்லாம் முதிர்ந்து நிற்கும். அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாட்டில் 3.4 சதவீதம் என்றால் 30 கிலோ ஆட்டுக்கு 13 மில்லி.

மழைக்கால மேய்ச்சலில் ஏறிய புழு நவம்பர் ஊசி நாளில் பாதி முதிர்ந்தும் பாதி முதிராமலும் இருக்கும். சென்ற ஆண்டு அறுத்த ஆட்டின் ஈரலில் தடித்த குழாயும் புழுவும் கண்ட வீடுகளில், அந்த நாளில் மருத்துவர் யோசனையோடு ட்ரைக்ளாபெண்டசோல் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுப்பது பொருத்தம். இளம் புழுவையும் அது கொல்லும். சிற்றூர்க் கடையில் கேட்டவுடன் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் அது முன்வயிற்றில் ஒட்டும் தட்டைப்புழுவைத் தொடாது, அதற்கு ஆக்சிக்ளோசனைடுதான். அந்தத் தட்டைப்புழுவின் குஞ்சு சிறுகுடலில் இருக்கும்போது நாற்றமடிக்கும் நீர்க் கழிச்சல் வரும், புழுக்கையைப் பரிசோதித்தால் முட்டை ஒன்றும் தெரியாது. முட்டையிடும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. பரிசோதனை முடிவு சுத்தமாக வந்துவிட்டது என்று மருந்தை நிறுத்திவிட வேண்டாம்; வாய்க்கால் ஓரம் மேய்ந்த ஆடு என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குளோசன்டெலைச் சினையாட்டுக்குக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். அளவு மிஞ்சினால் கண் பார்வை போகும், திரும்பாது.

விடியற்காலைப் பனி காயும் முன் வாய்க்கால் கரையில் விடாமலிருப்பதும், ஈன்ற ஆட்டையும் குட்டியையும் திடலிலோ மேட்டுத் தோப்பிலோ மேய்ப்பதும் பாதி மருந்துச் செலவை மிச்சப்படுத்தும். கடைசி ஆறு வாரத்தில் நாளுக்கு 100 கிராம் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் தவிடும் கொடுத்த ஆட்டில் முட்டை எழுச்சி குறைகிறது. புரதம் இருந்தால் எதிர்ப்பு அவ்வளவாகத் தளராது. உண்ணிக்கு மருந்து தெளிப்பதாக இருந்தால் ஈனுவதற்கு மூன்று வாரம் முன்போடு நிறுத்துங்கள். சினையாட்டைத் தொட்டியில் முக்கி எடுக்கும் வேலையே வேண்டாம்.

குட்டி விழுந்த பிறகு

இத்தனை கணக்கும் முதல் சில மணி நேரத்தில் பால் குடித்தால்தான். குடல் 24 மணி நேரத்தில் எதிர்ப்புப் பொருளுக்குக் கதவடைத்துவிடும்; ஆறு மணி நேரத்துக்குப் பிறகே உறிஞ்சுவது வேகமாகக் குறையும். இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி: இரண்டரைக் கிலோ குட்டிக்கு 125 மில்லி. முதல் நாள் முழுவதற்கும் அரை லிட்டர். சீம்பாலைக் கறந்து கொட்டுகிற, அல்லது வீட்டுக்கு எடுத்துக்கொள்கிற வழக்கம் எங்காவது இருந்தால் ஊசிக்குச் செலவு செய்ததே வீண். காம்பு அடைப்பை இரண்டு பீய்ச்சுப் பீய்ச்சி எடுத்துவிட்டுக் குட்டியை விடுங்கள். தொப்புளை டிங்சர் அயோடினில் முக்குங்கள்.

சரியான நேரத்தில் தாய்க்கு ஊசி போட்டிருந்தால் குட்டிக்குத் துள்ளுமாரி முதல் ஊசி 10 முதல் 12 வாரத்தில், அடுத்தது 3, 4 வாரம் கழித்து. அதற்கு முன் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளே ஊசி மருந்தை அமுக்கிவிடும். தாய்க்குப் போடாத குட்டிக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. தேதியை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும். ஆகவே தாயின் ஊசித் தேதியைக் குறித்து வைக்காத வீட்டில் குட்டியின் ஊசித் தேதியும் தெரியாது. ஆட்டுக்கொல்லி நான்கு மாதத்தில். கிடை ஆடுகள் வந்து போகும் தை, மாசியில் இந்தக் குட்டிகளுக்கு அந்த ஊசி வயது ஆகியிருக்காது. வெளி மந்தை மேய்ந்த வயலிலும், தண்ணீர் குடித்த துறையிலும் அவற்றை விடாதீர்கள்.

மருந்து கொடுத்த 14ஆம் நாள் ஐந்தாறு ஆட்டின் புழுக்கையை நேராகப் பின்புறத்திலிருந்தே எடுத்து, தனித்தனிப் பொட்டலமாக, ஈரம் காயாமல், அன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவிலோ பார்ப்பார்கள். மருந்து கொடுத்த நாளன்றும் இதே ஆடுகளில் எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். முட்டை எண்ணிக்கை நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாமல் இறங்கியிருந்தால் அந்த மருந்து உங்கள் பட்டியில் இன்னும் செல்லும். அதற்குக் குறைவாக இறங்கியிருந்தால் அடுத்த ஈற்றுக்கு வேறு வகை மருந்தை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். அதே வகையில் வேறு பெயர் ஒட்டிய பாட்டிலை வாங்கி வந்து ஊற்றுவது மாற்றம் ஆகாது.